வாய்க்கால், மேய்க்கால்

வெட்டியெடுத்த விரல் வேலை செய்யவில்லை.

மாவலூர் ஏரி ஷட்டர் நிலையத்தின் காவலர் பொன்னுரங்கத்தின் வலது கட்டைவிரலை ரேகைத் தகட்டின் மேல் மூன்றாம் முறையாக அழுத்திப் பார்த்தார்கள். தகடு சிவப்பாகவே மினுக்கியது. விரலுக்குச் சொந்தக்காரர் சுவரோரம் சரிந்து கிடந்தார். கையில் சுற்றிய துண்டு ஊறித் தரையெல்லாம் ரத்தம். "நான்தான் சொன்னேனே சாமி, லைட்டு போடத்தான் என் வெரலுக்கு பவர் குடுத்திருக்கான், லைட்டு போடத்தான்" என்று திரும்பத் திரும்ப அரற்றினார். கேட்பாரில்லை. அவசரத்தில் இருக்கிற கூட்டம் முதலில் வெட்டும், பிறகுதான் விசாரிக்கும்.

பகல் மூன்று மணிக்கே வானம் கறுத்துக் கிடந்தது. நான்கு நாளாக ஓயாத மழை. ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில்தான் தவமணியை ஜீப்பிலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

தவமணி அந்தப் பகுதியின் சர்வேயர். நாற்பத்தோரு வயது. பதினாறு வருஷமாக இந்தச் சேற்றில்தான் நிலம் அளக்கிறாள். யாரோ கட்டையால் அடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இரும்புப் படியில் முழங்கால் தேயத் தேய ஏற்றிவந்து தகட்டின் முன் தள்ளினார்கள்.

"இவதான். இவ வெரலுதான் வேணும்" என்று ஒருவன் அரிவாளை ஓங்கினான்.

"டேய், வெட்டாத!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த ஆளு வெரல வெட்டி இன்னா கண்ட? நாடி ஓடுற வெரலுதான் அதுக்கு வேணும். ஆளோட வேணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் எட்டியப்பன். அல்லிமேட்டுக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கோடையெல்லாம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவனை இன்றைக்கு ஊர் தண்ணீரில் தள்ளப் பார்க்கிறது. அந்தக் கடுப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"மேடம், சைரன் ஊதி ஒரு மணி நேரம் ஆச்சி. இன்னும் ஒரு மணி நேரத்துல இடது ஷட்டரத் தொறப்பான். எங்க பக்கம் அறுநூறு வீடு. ரெண்டு பக்கமும் ரோடு முங்கிடுச்சி. பஸ்ஸு அனுப்புறேன்னான், வரல. நடக்க முடியாத கெய்வன் கெய்வி, நேத்து புள்ள பெத்தவ, எல்லாம் மொட்ட மாடில நிக்குது. மாடி தாங்காது. உங்களுக்கே தெரியும், நீங்கதான அளந்தீங்க."

"தெரியும்" என்றாள் தவமணி. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "ஆனா ஷட்டரத் தொறக்கறதும் மூடறதும் நான் இல்ல எட்டியப்பன். கர்ணம்."

கர்ணம் என்பது, பழைய ஊர்க் கணக்கரை நினைத்து, ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்தது நீர்ப்பங்கீட்டு இயந்திரம். இருபது வருஷத்துக்கு முந்தைய பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஏரி குளத்தில் கட்டிய வீட்டையெல்லாம் இடித்துவிடப் போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியது. கோர்ட்டில் வழக்கு, தெருவில் தீக்குளிப்பு, எதிரே தேர்தல். கடைசியில் ஒரு சாமர்த்தியமான சட்டம் கண்டுபிடித்தார்கள். இடிக்கவும் மாட்டோம், காக்கவும் மாட்டோம். யார் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் மட்டும் இயந்திரம் நிலப் பேரேட்டைப் படிக்கும். நத்தம் என்று எழுதியிருந்தால் அது குடியிருப்பு, அந்தப் பக்க ஷட்டர் மூடிக்கொள்ளும். ஏரி, குளம், தாங்கல், வாய்க்கால் என்று எழுதியிருந்தால் அது தண்ணீருக்கு உரியது, ஷட்டர் திறந்துகொள்ளும். அங்கே மனிதர் இருக்கிறார்களா என்று இயந்திரம் பார்க்காது. லஞ்சம் வாங்காத கர்ணம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. படிக்க மட்டும் தெரிந்த ஒன்றிடம் லஞ்சம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? எழுதுகிறவனிடம் கொடுத்தால் போதாதா?

"கர்ணம் படிக்கிறதுதான. எழுதறது நீங்கதான?" என்றான் எட்டியப்பன். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து அவள் முகத்தெதிரே நீட்டினான். "இத படிங்க. சத்தமா."

அது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய செட்டில்மெண்ட் பேரேட்டின் நகல். பழுப்பேறிய கையெழுத்து. தவமணி படித்தாள். புல எண் இருநூற்றுப் பதினாலு, வாய்க்கால். புல எண் இருநூற்றுப் பதினைந்து, மேய்க்கால்.

படித்துவிட்டு எண்களை மறுபடி பார்த்தாள்.

இன்றைய பேரேட்டில் இது தலைகீழாக இருக்கிறது. இருநூற்றுப் பதினைந்து அல்லிமேடு, அது வாய்க்கால். இருநூற்றுப் பதினாலில் நந்தவனம் என்கிற பதினெட்டு மாடிக் கட்டடங்கள், உள்ளே நீச்சல்குளம், நாய்க்குத் தனிப் பூங்கா. அது மேய்க்கால் என்றாகி, மாடு மேயாத மேய்ச்சல் நிலம் எதற்கென்று பிறகு நத்தம் ஆனது.

"மொத எழுத்துதான் மேடம் வித்தியாசம். வாவும் மேவும்" என்றான் எட்டியப்பன். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நல்ல பிரதி எழுதறேன்னு ஒக்காந்து எவனோ எடம் மாத்திப் போட்டான். தெரியாம போட்டானோ, தெரிஞ்சி போட்டானோ. ஆறு வருஷம் முன்ன நீங்க வந்து மறுசர்வே பண்ணீங்க. எங்க வூட்லதான் மோர் குடிச்சீங்க. எங்க ஊரு பேரே அல்லிமேடு. மேட்டுல எப்டி மேடம் வாய்க்கா ஓடும்? ஒரு செகண்டு யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். அதுதான் அவளைத் தின்றது. அன்றைக்குக் கருவியில் மட்டம் பார்த்தபோது பக்கத்து நிலத்தைவிட இது ஒரு ஆள் உயரம் கூடுதலாக இருந்தது. மேட்டில் வாய்க்காலா என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. காகிதத்தோடு சண்டை போட்டால் நடுவில் கோப்பு தேங்கும், மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நிலத்துக்குப் போய்விட்டாள். லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"என் வெரல் மட்டும் போதாது" என்றாள். "நகரத்துல இருக்கற பேரேட்டு மாளிகைல தலைமைப் பதிவாளரும் வெக்கணும். ரெண்டு வெரலும் விழுந்தாத்தான் எழுத்து மாறும். போன் போடுங்க."

தலைமைப் பதிவாளர் சபாபதிக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தச் சட்டத்தை வரைந்தவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். தவமணியின் அறிக்கைகளில் சந்திப்பிழையைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்புகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் அவள் தாலி அறுத்து நின்றபோது, யாருக்கும் சொல்லாமல் மாற்றல் உத்தரவை ரத்து செய்து ஊரிலேயே இருக்கவைத்தவரும் அவர்தான்.

ஸ்பீக்கரில் போட்ட போனில் அவர் முழுவதையும் கேட்டார். "இரும்மா, மூலப் புத்தகம் பெட்டக அறையில இருக்கு. கீழ போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். ஆறு நிமிஷம் எல்லோரும் போனைச் சுற்றி நின்றார்கள். பொன்னுரங்கத்தின் முனகல் மட்டும் கேட்டது.

"தவமணி, அவங்க சொல்றது நெசம். எழுத்து மாறித்தான் இருக்கு."

கூட்டம் ஓவென்று கத்தியது. எட்டியப்பன் கையமர்த்தினான்.

"அப்ப மாத்துங்க சார்" என்றாள் தவமணி.

"மாத்தினா வலது ஷட்டர் திறக்கும். நந்தவனத்துல எத்தனை பேரும்மா?"

"நாலாயிரம்."

"தரைக்குக் கீழ ரெண்டு தளம் கார் நிறுத்தம். அங்கதான் வேலைக்காரங்க, டிரைவருங்க, துப்புரவு ஆளுங்க தங்கறாங்க. தூண் நிக்கறது சேத்துல. தண்ணி உள்ள புகுந்தா கட்டடமே சாயலாம். சரியான எழுத்துக்காக நாலாயிரம் பேர முக்கச் சொல்றியா?"

"தப்பான எழுத்துக்காக மூவாயிரம் பேர முக்கலாமா சார்?"

"விதிக்கு வெளியில எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார் சபாபதி. "வெள்ளம் வந்த பிறகு எழுத்தை மாத்தினா, அது விதியில்ல, கொலை."

"மாத்தாட்டியும் கொலதான்" என்றான் எட்டியப்பன் போனைப் பார்த்து.

அதற்குள் வெளியே சுட ஆரம்பித்தார்கள்.

நந்தவனத்தாருக்குச் சொந்தக் காவல்படை உண்டு. எழுத்தை மாற்றப்போகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் போனில் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் இரண்டு ரப்பர் படகில் வந்து கரையில் இறங்கினார்கள். முதல் குண்டு ஜன்னலை உடைத்தது. இரண்டாவது குண்டு எட்டியப்பனின் தம்பி சடையனின் கழுத்தில் பாய்ந்தது. சடையன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அதில் ரத்தம்தான் வந்தது. அப்படியே மண்டியிட்டு, அப்படியே சாய்ந்தான்.

பிறகு நடந்தது சண்டை இல்லை, வெறி. அல்லிமேட்டுக்காரர்களிடம் துப்பாக்கி இல்லை. கடப்பாரை, அரிவாள், லாரிச் சங்கிலி இருந்தன. ஆட்கள் நிறைய இருந்தார்கள். படிக்கட்டில் முதலில் ஏறிய காவல்காரனை நான்கு பேர் தூக்கி ஷட்டர் கிணற்றுக்குள் எறிந்தார்கள். அடியில் இரும்புக் கம்பி வரிசை. அவன் கத்தியது பாதியில் நின்றது. ஒரு பெண் தன் கையிலிருந்த குழவிக்கல்லால் ஒருவன் மண்டையில் அடித்தாள். அவன் விழுந்த பிறகும் அடித்தாள். விலக்கிவிட யாருக்கும் நேரமில்லை. குண்டு பட்டவர்கள் படியிலேயே கிடந்தார்கள், அவர்களை மிதித்துக்கொண்டுதான் மற்றவர்கள் இறங்கினார்கள். தவமணி மேசைக்கடியில் தவழ்ந்துபோய்ப் பொன்னுரங்கத்தின் வெட்டுண்ட கையைத் தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள்.

"தவமணி! தவமணி! என்னம்மா சத்தம் அது?" என்று போன் கத்திக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் காவல்படை படகுக்குப் பின்னே ஒதுங்கியது. அங்கிருந்து ஒலிபெருக்கியில் ஒருவன் பேசினான். "சர்வேயர் மேடம், நீங்க விரல் வெச்சா அடுத்த நிமிஷம் அல்லிமேட்டுக்குள்ள புகுந்து சுடுவோம். எங்க குடும்பமும் நந்தவனக் கட்டடத்துலதான் இருக்கு. எனக்கும் ரெண்டு குழந்தை இருக்கு மேடம்." அவன் குரல் கடைசியில் உடைந்தது. கொல்ல வந்தவனும் அழத்தான் செய்கிறான்.

எட்டியப்பன் தம்பியின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தான். அரிவாளைத் தவமணியின் கழுத்தில் வைத்தான். இப்போது அவன் மேடம் என்று சொல்லவில்லை.

"மாத்து."

"எட்டியப்பா..."

"அந்தாள மாத்தச் சொல்லு. இல்ல, மொதல்ல நீ, அப்பறம் அந்தக் காவக்காரன், அப்பறம் அந்தக் கட்டடத்துல தீ வெப்பேன். இன்னும் முப்பத்தஞ்சி நிமிஷம் இருக்கு எனக்கு."

அரிவாளின் முனை தோலைக் கீறி உள்ளே போனது. சூடாக ஒரு கோடு மார்பில் இறங்கியது. சாவு பயம் அவளுக்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நேரத்தில் பயத்தைவிட வேகமாக ஓடியது பதினாறு வருஷத்து வேலைப் பழக்கம். அவள் மனசுக்குள் நிலவரைபடத்தை விரித்தாள். ஏரிக்கு மூன்று ஷட்டர். இடது, அல்லிமேடு. வலது, நந்தவனம். நடு ஷட்டர், பழைய போக்குக் கால்வாய். அது நகரத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓடிக் கழுவெளிச் சதுப்பில் போய்ச் சேர்கிறது. திறந்து இருபது வருஷம் ஆகிறது.

"ரெண்டையும் நத்தம்னு எழுதறேன்" என்றாள்.

"இன்னாது?"

"ஒங்களுதும் வீடு, அவங்களுதும் வீடு. ரெண்டு ஷட்டரும் மூடிக்கும். நடு ஷட்டர் தொறக்கும்." போனை நோக்கித் திரும்பினாள். "சார், கேட்டீங்களா? வாய்க்கால்னு இருக்கற எடத்துல நத்தம்னு போடறேன். நந்தவனம் இருக்கற மாதிரியே இருக்கட்டும். யாருக்கும் பாதகமில்ல."

சபாபதி யோசித்தார். அவர் குரலில் முதல்முறையாக உயிர் வந்தது. "நடுக் கால்வாய் நேரா கழுவெளிக்குப் போகும். கழுவெளி பேரேட்டுல இன்னும் சதுப்புதான். அங்க ஒரு குடிசைகூடக் கிடையாது. கால்வாய்க் கரை ரெண்டும் கான்கிரீட்டு. இது... இது விதிக்கு உள்ளயே வருதும்மா! அவசரகாலப் பிரிவு நாலு. மக்கள் உண்மையில் வசிக்கிற நிலத்தை நத்தமா மாத்தலாம். நான்தான் எழுதினேன் அந்தப் பிரிவை."

"அப்ப வெரல் வெய்ங்க சார்."

"கத்திய எடுக்கச் சொல்லு முதல்ல."

எட்டியப்பன் எடுத்தான்.

தவமணிக்கு ஒன்று தெரியும். அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் விரல் வைக்கமாட்டார்.

அவள் விசைப்பலகையில் எழுத்தைத் தட்டினாள். நத்தம். வலது கட்டைவிரலைத் தகட்டில் வைத்தாள். பச்சை. இரண்டு நொடி கழித்து அந்தப் பக்கத்திலிருந்தும் பச்சை வந்தது. கர்ணம் தன் மொட்டைக் குரலில் அறிவித்தது: "பதிவு மாற்றம் ஏற்கப்பட்டது. இடது ஷட்டர் திறப்பு ரத்து. நடு ஷட்டர் இருபது நிமிஷத்தில் திறக்கப்படும்."

கீழே நின்ற அல்லிமேட்டுக்காரர்கள் கத்திய சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. எட்டியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார் சபாபதி. "கத்தி பட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போ."

"சார், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. உடனே."

"ஏன்?"

"கர்ணம் கழுவெளி வரைக்கும் போகாது சார். கால்வாய் வழியில மொதல்ல எந்த எடம் தண்ணின்னு எழுதியிருக்கோ, அங்க கரையில இருக்கற மதகத் தொறந்து விட்டுடும். நம்ம மாளிகை எந்தப் புல எண்ல இருக்கு?"

"எழுபத்தொண்ணு." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. அவர் அந்தச் சொல்லைப் படித்தபோது யாருடையதையோ படிப்பதுபோல் இருந்தது. "ஏரி உள்வாய்ப் புறம்போக்கு."

"போன வருஷம் மதில் கட்ட அளக்க வந்தேன் சார், அப்பப் பாத்தேன். குறிப்பு எழுதி அனுப்பினேன். யாரும் படிக்கல."

"மாத்தவே இல்லியா? கட்டி அறுபது வருஷம் ஆச்சேம்மா!"

"குடியிருக்கறவன்தான சார் பட்டாவுக்கு அலையறான். அரசாங்கம் யார்கிட்ட போய்ப் பட்டா கேக்கும்? அது பாட்டுக்கு ஏரில கட்டிடுச்சி."

அதுதான் நிஜம். ஏழைகள் குடிசைக்கு ஒரு சீட்டு வேண்டி நூறு படி ஏறினார்கள். பணக்காரர்கள் எழுத்தையே மாற்றினார்கள். அரசாங்கம் மட்டும் தன் இடம் தன்னுடையதுதானே என்று ஒரு எழுத்தையும் தொடாமல் விட்டது. சைரன்கூட மாளிகையில் கிடையாது. ஆக்கிரமிப்பாளர்களுக்குத்தானே சைரன்.

"இங்க அறுபது பேர் வேலை செய்யறாங்க தவமணி!" சபாபதி கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "திருப்பி வை! மறுபடி வாய்க்கால்னு போட்டு விரலை வை, நானும் வைக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன்மா, ஒனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

தவமணிக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினால் அவள் இளகிவிடுவாள். மாற்றல் உத்தரவை ரத்து செய்த மனிதர் அவர். எட்டியப்பனின் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கினாள். அவன் தடுப்பதற்குள் மேசை விளிம்பில் வலது கையை விரித்து வைத்து இடது கையால் ஓங்கிப் போட்டாள். முதல் வெட்டு எலும்பில் நின்றது. இரண்டாவது வெட்டில் கட்டைவிரல் தரையில் விழுந்தது.

வலி வருவதற்கு முன்பே அவள் போனில் பேசிவிட்டாள். "சார், அந்த வெரல வெட்டிட்டேன், இனிமே என்னால வெக்க முடியாது. நேரத்த வீணாக்காதீங்க. பதினேழு நிமிஷம் இருக்கு. மேட்டுத் தெருப் பக்கமா ஓடுங்க."

பிறகு அவளும் கத்தினாள். எட்டியப்பன் அவளைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் இடுப்போடு பிடித்துக்கொண்டு, "அய்யோ மேடம், அய்யோ மேடம்" என்றான்.

போன் துண்டிக்கப்படவில்லை. அவருடையது மேசை மேல் கிடந்தது போலிருந்தது. நாற்காலிகள் சரியும் சத்தம், ஓடும் சத்தம், யாரோ ஒரு பெண் அழும் சத்தம். சபாபதி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்பினார். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டிருப்பார், அவர் அப்படித்தான். ஐம்பதுக்கு மேல் பெயர் கேட்டது. பிறகு அவர் குரல் மிக அருகில் கேட்டது.

"தவமணி, இருக்கியா?"

"சார், நீங்க போகல?"

"அந்த மூலப் புத்தகம் கீழ பெட்டக அறையில இருக்கு. எழுத்து மாறினதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அதுவும் போயிட்டா நாளைக்கு அந்த ஜனங்க சொல்றத எவனும் நம்பமாட்டான். கதவு கனம், மூணு பசங்க கூட வராங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் சார்! புத்தகம் போனாப் போவட்டும்!"

"புத்தகத்த அப்படி விட முடியாதும்மா" என்றார் அவர். செருப்புச் சத்தம் விலகிப்போனது.

நடு ஷட்டர் எழும்பியபோது நிலையமே நடுங்கியது. இருபது வருஷத்துத் துருவையும் குப்பையையும் அடித்துக்கொண்டு ஏரி கால்வாய்க்குள் பாய்ந்தது. தவமணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஆரம்பித்து, இரைச்சலாகி, அத்தோடு தொடர்பு அறுந்தது.

ஷட்டர் நிலையத்தில் பதினொரு பிணம். பேரேட்டு மாளிகையின் பெட்டக அறையில் நான்கு. அல்லிமேட்டிலும் நந்தவனத்திலும் வெள்ளத்தில் ஒருவரும் சாகவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஜாமீனில் வெளியே வந்திருந்த எட்டியப்பன் சிறை மருத்துவமனைக்கு வந்தான். தவமணியின் மேல் நான்கு கொலை வழக்கு. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரசாணை வந்துச்சி மேடம்" என்றான். "மெரட்டி வாங்குன மாத்தம் செல்லாதுன்னுட்டான். எங்க எடம் மறுபடி வாய்க்கா. நகல் செல்லாதாம், மூலப் புத்தகத்தக் காட்டுன்றான். அது கூழாக் கெடக்கு. ஐப்பசி வந்தா மறுபடி எங்க பக்கந்தான் தொறப்பான். நீங்க வெரல வெட்டிக்கிட்டது, எந்தம்பி செத்தது, எல்லாம் தண்டம்."

தவமணி அரசாணையைக் கொடு என்று கையை நீட்டினாள். காவலர் அதை வலையின் கீழ் வழியாகத் தள்ளினார். இரண்டே பக்கம். முதல் பத்தி அவன் சொன்னதுதான். இரண்டாவது பத்தி: நீர்வழிகளில் அமைந்துள்ள அரசுக் கட்டடங்கள் அனைத்தின் நிலமும், இத்தகைய பேரிழப்பு இனி நேராதவாறு, இன்று முதல் நத்தம் என வகைமாற்றம் செய்யப்படுகிறது. கீழே முந்நூற்றுச் சொச்சம் புல எண்கள். எழுபத்தொன்றும் இருந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு சிரித்தாள். காவலர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"இன்னா மேடம்?"

"எட்டியப்பன், நத்தம்னா என்னன்னு தெரியுமா?"

"குடியிருப்பு."

"யாரோட குடியிருப்பு? புறம்போக்குன்னா அரசாங்கத்துது. நத்தம் அப்படி இல்ல. அது அந்தக் காலத்துலேருந்தே குடியிருக்கறவனுக்குத்தான். எவன் வீடு கட்டி அடுப்பு மூட்டறானோ அவனுக்குத்தான் பாத்தியதை. அரசாங்கம் அதுல உரிமை கொண்டாட முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் இதத்தான் சொல்லுவான்." அவள் தாளை விரித்துக் காட்டினாள். "தண்ணிக்குப் பயந்துக்கிட்டுத் தன் நெலத்துமேல தனக்கு இருந்த உரிமையத் தானே அடிச்சிட்டான். மாளிகை இடிஞ்சி கெடக்கு. இப்ப அங்க யாரு குடியிருக்கா?"

எட்டியப்பனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. தண்ணீர் லாரிக்காரன், கணக்கில் கெட்டிக்காரன். எழுபத்தொன்றாம் எண்ணின் விஸ்தீரணம் எவ்வளவு என்று கேட்டான். அவள் சொன்னாள். உதட்டை அசைத்து அறுநூறால் வகுத்துப் பார்த்தான்.

"அது ஏரி உள்வாயாச்சே. தண்ணி வராதா மேடம்?"

அவள் இந்தமுறை பொய்யும் சொல்லவில்லை, உண்மையை மறைக்கவும் இல்லை. "கர்ணம் அனுப்பாது. ஆனா அது பள்ளம். பெரிய மழை பேஞ்சா வரும். முழங்கால் வரைக்கும் வரும், சில வருஷம் இடுப்பு வரைக்கும்."

"தானா வர்ற தண்ணிய நாங்க பாத்துப்போம். தொறந்து வுடற தண்ணியத்தான் தாங்க முடியல" என்றான் எட்டியப்பன். இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போய்விட்டான். போகிற வேகத்தைப் பார்த்தால் சித்திரைக்கு முன்னால் அங்கே அறுநூறு அடுப்பு எரியும் போலிருந்தது.

தவமணி அரசாணையை மறுபடி கையில் எடுத்தாள். அந்த இரண்டாவது பத்தியை எழுதியவனுக்கு நத்தச் சட்டம் தெரியாது. படித்துக் கையெழுத்திட்டவர்களுக்கும் தெரியாது. இதைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே மனிதர் பெட்டக அறைக்குள் இறங்கிப்போனவர். சபாபதி இருந்திருந்தால் இந்த ஆணை வெளியே வந்திருக்காது, அல்லிமேட்டுக்காரர்களுக்குப் போக இடமும் இருந்திருக்காது. அதை நினைத்த பிறகுதான், மூன்று மாதத்தில் முதல்முறையாக, அவளுக்கு அழுகை வந்தது.